கணினிக் கேள்வி–பதில்: அமைப்புகளைத் தானாக மாற்றும் ஸ்கிரிப்டுகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கணினியின் அமைப்புகளைக் கையால் மாற்றிக்கொண்டிருக்காமல், சிறு ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகளைக் கொண்ட கோப்பு) ஒன்றை எழுதித் தானாக மாறச் செய்வது எப்படி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழெழுத்தில் தந்துள்ளேன். கட்டளைகளை ஏற்கும் சாளரமான டெர்மினலில் தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளை இட வேண்டும். புள்ளி, சிறுகோடு, இடைவெளி ஆகியவை அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய 20 கணினிகள் உள்ளன. கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் எழுத்தளவைப் பெரிதாக்குவது, தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்ப்பது, திரை அணையும் நேரத்தை நீட்டுவது என்று ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து மாற்றுவதற்கே இரண்டு நாள் போய்விடுகிறது. இதைச் சுருக்க வழி உண்டா?
— அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உண்டு. ஒரு கணினியில் அரை நாள் செலவிட்டால், மற்ற 19 கணினிகளுக்கும் தலா ஒரு நிமிடம் போதும். ஆனால் ஸ்கிரிப்ட் எழுத உட்காருவதற்கு முன்னால், நீங்கள் மவுஸால் ஒரு பொத்தானை அழுத்தும்போது உள்ளே என்ன மாறுகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இந்தப் பகுதியில் நான் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றையும்விட இதையே முக்கியமாகக் கருதுகிறேன்.

உபுண்டுவின் முகப்பான க்னோம், 2011இல் வெளிவந்த அதன் 3ஆம் பதிப்பு முதல், தன் அமைப்புகளை டிகான்ஃப் என்னும் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக, அவரவர் இல்லக் கோப்புறையில் மறைந்திருக்கும் ஒற்றைக் கோப்பு அது. அது உரைக்கோப்பு அல்ல. திறந்து படிக்க முயன்றால் ஒன்றும் புரியாது. அதற்குப் பதிலாக, டெர்மினலைத் திறந்து ‘டிகான்ஃப் வாட்ச் /’ என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். எதுவும் நடக்காதது போலக் கர்சர் நின்றுகொண்டிருக்கும். இப்போது டெர்மினலை ஓரமாக வைத்துவிட்டு, செட்டிங்ஸ் சாளரத்தில் அணுகல்தன்மைப் பக்கத்துக்குப் போய்ப் பெரிய எழுத்து என்ற பொத்தானைத் தள்ளுங்கள். அந்தக் கணமே டெர்மினலில் இரண்டு வரிகள் தோன்றும். முதல் வரி ‘/ஆர்க்/க்னோம்/டெஸ்க்டாப்/இன்டர்ஃபேஸ்/டெக்ஸ்ட்-ஸ்கேலிங்-ஃபேக்டர்’ என்ற முகவரி. இரண்டாவது வரி ‘1.25’ என்ற எண். அந்தப் பொத்தான் செய்த வேலை முழுவதும் இவ்வளவுதான். ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதிவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது.

அந்த எண்ணை நீங்களே எழுதுவதற்குரிய கட்டளை இது: ‘ஜிசெட்டிங்ஸ் செட் ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.இன்டர்ஃபேஸ் டெக்ஸ்ட்-ஸ்கேலிங்-ஃபேக்டர் 1.25’. முகவரியில் சாய்கோடுகள் இருந்த இடத்தில் புள்ளிகளும், கடைசிப் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளியும் வந்திருப்பதைக் கவனியுங்கள். பார்ப்பதற்கு டிகான்ஃப், எழுதுவதற்கு ஜிசெட்டிங்ஸ் என்று நான் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘டிகான்ஃப் ரைட்’ கட்டளை நீங்கள் எதைக் கொடுத்தாலும், முகவரி தவறாகவே இருந்தாலும், மறுப்பின்றி எழுதிவிடும். ஜிசெட்டிங்ஸோ அப்படி ஓர் அமைப்பு இருக்கிறதா, கொடுத்த மதிப்பு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே எழுதும். மேற்சொன்ன எழுத்தளவுக்கு எல்லை 0.5 முதல் 3.0 வரை, கைதவறி 12.5 என்று தட்டினால் ஏற்காது. 20 கணினிகளில் ஓடப்போகும் ஸ்கிரிப்டுக்கு இந்தக் காவல் அவசியம்.

திரை அணையும் நேரம் ‘ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.செஷன்’ என்பதன் கீழ் ‘ஐடில்-டிலே’ என்ற பெயரில், விநாடிக் கணக்கில் இருக்கிறது. இயல்பான மதிப்பு 300, அதாவது ஐந்து நிமிடம். 0 என்று வைத்தால் திரை தானாக அணையாது.

தமிழ் 99ஐப் பொறுத்தவரை சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியே உருவாகித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இந்த விசைப்பலகை, உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் கிடைக்கும். விசைப்பலகைகளின் பட்டியல் ‘ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.இன்புட்-சோர்சஸ்’ என்பதன் கீழ் ‘சோர்சஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. இதன் மதிப்பு வெறும் எண் அன்று. சதுர அடைப்புக்குள் வளைந்த அடைப்புகளும் ஒற்றை மேற்கோள்களும் நிறைந்த ஒரு வரி. அதை மனத்திலிருந்து எழுத முயலாதீர்கள். ஒரு கணினியில் மட்டும் ஆங்கிலத்தையும் தமிழ் 99ஐயும் கையால் சேர்த்துவிட்டு, செட் என்பதற்குப் பதிலாகக் கெட் என்று இட்டுக் கட்டளையை ஓட்டுங்கள். டெர்மினல் காட்டும் வரியை அப்படியே நகலெடுத்து, இரு பக்கமும் இரட்டை மேற்கோள் இட்டு ஸ்கிரிப்டில் ஒட்டிவிடலாம்.

இம்மூன்று கட்டளைகளையும் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் உள்ள ஸ்கிரிப்டுக்குப் பெரும்பாலும் இயக்க அனுமதி கிடைக்காது என்பதால், இருமுறை சொடுக்கிப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்கிரிப்டுகளை ஓட்டும் நிரலான பாஷை அழைக்க ‘பாஷ்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஓடும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முன்னால், நிர்வாக அனுமதியோடு ஓட்டச் சொல்லும் ‘சூடோ’ கட்டளையைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மாறுவது ரூட் என்ற நிர்வாகப் பயனரின் அமைப்புகளே அன்றி மாணவர்களின் அமைப்புகள் அல்ல. பிழைச்செய்தி வராமலே போகலாம், திரையிலும் எதுவும் மாறாது. இந்தக் குழப்பத்தில் ஒரு முழு மாலைப்பொழுதை நான் இழந்திருக்கிறேன்.

கேள்வி: ஆய்வகத்தில் மாணவர்கள் பின்புலப் படத்தை நாளொன்றாக மாற்றிவிடுகிறார்கள். மாற்ற முடியாதபடி பூட்டலாமா?
— கணினி ஆய்வக உதவியாளர், திருச்சி

பதில்: பூட்டலாம், இதற்கு மட்டும் நிர்வாக அனுமதி தேவை. ஈடிசி கோப்புறையில் உள்ள டிகான்ஃப் என்ற கோப்புறைக்குள் மூன்று கோப்புகளை எழுத வேண்டும். முதலாவது, ‘ப்ரொஃபைல்’ கோப்புறையில் ‘யூசர்’ என்ற பெயரில்: பயனரின் தரவுத்தளத்தையும் ‘லோக்கல்’ என்ற பொதுத் தரவுத்தளத்தையும் சேர்த்துப் படிக்கும்படி சொல்லும் இரண்டு வரிகள் கொண்டது. இரண்டாவது, பொதுத் தரவுத்தளத்துக்குரிய கோப்புறையில், நீங்கள் விரும்பும் படத்தின் முகவரியைக் கொண்டது. மூன்றாவது, அதற்குள் ‘லாக்ஸ்’ என்ற உட்கோப்புறையில், எந்த அமைப்பைப் பூட்டுகிறோமோ அதன் சாய்கோட்டு முகவரியை மட்டும் கொண்டது. முடிவில் ‘சூடோ டிகான்ஃப் அப்டேட்’ என்று ஓட்டி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் செட்டிங்ஸ் சாளரத்தில் படத்தை மாற்றினாலும் மாறாது.

பூட்டுவது எளிது என்பதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்தளவையும் நிற வேறுபாட்டையும் ஒருபோதும் பூட்டாதீர்கள். பார்வைக் குறையை வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் மாணவர், தானே அமைதியாக எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் ஒரே இடம் அதுதான். பின்புலப் படத்திலும், மாணவர்களோடு ஒருமுறை பேசிப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

கேள்வி: மாலை 6 மணிக்குத் திரை தானாகக் கருமை நிறத்துக்கு மாறும்படி ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் சேர்த்தேன். டெர்மினலில் நானே ஓட்டினால் மாறுகிறது. க்ரான் ஓட்டினால் மாறுவதில்லை. நேரம் சரியாக இருக்கிறது, பதிவேட்டில் ஓடியதாகவும் காட்டுகிறது. எங்கே பிழை?
— மென்பொருள் பயிலும் மாணவர், கோவை

பதில்: உங்கள் ஸ்கிரிப்டில் பிழை இல்லை, அது ஓடும் சூழலில்தான் குறை. இந்த ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு, ‘தானாக மாற்றுவதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று கைவிட்டவர்கள் பலரை அறிவேன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

டிகான்ஃபில் படிப்பதும் எழுதுவதும் ஒரே வழியில் நடப்பதில்லை. படிக்கும்போது நிரல்கள் அந்தத் தரவுக்கோப்பை நேராகவே படித்துக்கொள்கின்றன. எழுதும்போது மட்டும், பின்னணியில் இயங்கும் ஒரு சேவையிடம் ‘இதை எழுது’ என்று விண்ணப்பம் போகிறது. அந்த விண்ணப்பத்தைச் சுமந்து செல்வது டி-பஸ் என்னும் செய்திப் பாதை. நீங்கள் உள்நுழையும்போது உங்களுக்கென்று ஒரு டி-பஸ் பாதை திறக்கப்பட்டு, அதன் முகவரி ஒரு சூழல் மாறியில் (நிரல்கள் படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்பில்) வைக்கப்படுகிறது. உங்கள் டெர்மினலுக்கு அந்த முகவரி தெரியும். க்ரானோ உங்கள் அமர்வுக்கு வெளியே, கணினி தொடங்கியதிலிருந்து தனியாக ஓடிக்கொண்டிருப்பது. இல்லக் கோப்புறை, பயனர் பெயர், நிரல்களைத் தேடும் பாதை போன்ற சில மாறிகளை மட்டுமே அது உங்கள் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கிறது. டி-பஸ் முகவரி அவற்றுள் இல்லை. அதனால்தான் க்ரானிலிருந்து ‘கெட்’ சரியான விடையைத் தரும்போதும் ‘செட்’ காற்றில் கரைந்துபோகிறது. ஐயமிருந்தால், க்ரான் வரியின் வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள். டி-பஸ் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை அதில் இருக்கும்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அந்த முகவரியைக் கையால் எழுதித் தருவது ஒரு வழி. உபுண்டுவில் அது ரன் கோப்புறைக்குள், யூசர் கோப்புறைக்குள், உங்கள் பயனர் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறையில் ‘பஸ்’ என்ற பெயரில் இருக்கும். கணினியின் முதல் பயனருக்கு அந்த எண் 1000. இது வேலை செய்யும். ஆயினும் நான் பரிந்துரைப்பது, க்ரானை விட்டுவிட்டு, லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் டைமருக்கு மாறுவதையே. அது உங்கள் அமர்வோடு சேர்ந்து இயங்குவதால் முகவரி தானே கிடைத்துவிடுகிறது. மேலும், டைமர் கோப்பில் ‘பெர்சிஸ்டென்ட்=ட்ரூ’ என்று ஒரு வரி சேர்த்தால், 6 மணிக்குக் கணினி அணைந்திருந்தாலும் பிறகு நீங்கள் உள்நுழையும்போது விட்டுப்போன வேலையை அது செய்து முடிக்கும்; சாதாரண க்ரான் அப்படிச் செய்யாது. இல்லக் கோப்புறையில் மறைந்துள்ள கான்ஃபிக் கோப்புறைக்குள், சிஸ்டம்டி, யூசர் என்ற கோப்புறைகளில் எதை ஓட்டுவது என்று சொல்லும் சர்வீஸ் கோப்பு ஒன்றும் எப்போது ஓட்டுவது என்று சொல்லும் டைமர் கோப்பு ஒன்றும் ஒரே பெயரில் எழுதிவிட்டு, ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ்’ என்று தட்டி டைமரின் பெயரைக் கொடுத்தால் போதும். சர்வீஸ் கோப்பில் ஸ்கிரிப்டின் முழு முகவரியையும் எழுதுங்கள். இல்லக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்கோடு அங்கே செல்லாது.

ஒரு வேளை உங்கள் நோக்கம் இரவில் கண்ணுக்கு இதமான மஞ்சள் ஒளி மட்டும்தான் என்றால், ஸ்கிரிப்டே வேண்டாம். 2017இல் வந்த க்னோம் 3.24 முதல் நைட் லைட் வசதி செட்டிங்ஸிலேயே உள்ளது. சூரியன் மறையும் நேரத்தையொட்டித் தானாக மாறும்.

கேள்வி: மணியைப் பார்த்து நிறத்தை மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை பாஷில் எழுதி மணிக்கொரு முறை ஓட்டுகிறேன். நாள் முழுவதும் ஒழுங்காக ஓடுகிறது. காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் மட்டும் பிழைச்செய்தி வருகிறது. வேறெந்த மணியிலும் வருவதில்லை.
— வங்கி ஊழியர், மதுரை

பதில்: நீங்கள் அந்த இரண்டு மணிகளையும் குறித்துவைத்து எழுதியதால் உடனே பிடிபட்டது. தேதிக் கட்டளை மணியை எப்போதும் இரண்டு இலக்கமாக, 08, 09 என்று தருகிறது. பாஷின் கணக்கு அடைப்புக்குள், பூச்சியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண்ணாகக் கொள்ளப்படும். எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரையிலான இலக்கங்களே உண்டு. 07 வரை சிக்கலில்லை. 08உம் 09உம் அங்கே எண்களே அல்ல. 10 மணிக்கு முன்பூச்சியம் நீங்கிவிடுவதால் எல்லாம் சரியாகிவிடுகிறது. தேதிக் கட்டளையில் சதவீதக் குறிக்கும் பெரிய எச் எழுத்துக்கும் நடுவே ஒரு சிறுகோடு இட்டால் முன்பூச்சியம் இல்லாமல் மணி கிடைக்கும். அந்த ஒரு குறியே தீர்வு.

கேள்வி: பின்புலப் படத்தை மாற்றும் கட்டளை பிழையின்றி ஓடுகிறது, ஆனால் படம் மாறவில்லை. கெட் கொடுத்தால் புதிய படத்தின் பெயரையே காட்டுகிறது.
— இல்லத்தரசி, சேலம்

பதில்: உங்கள் திரை கருமை நிறத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். 2022இல் வந்த க்னோம் 42 முதல் பின்புலப் படத்துக்கு இரண்டு அமைப்புகள் உண்டு: வெளிர் நிறத்துக்கு ‘பிக்சர்-யூஆர்ஐ’, கருமை நிறத்துக்கு ‘பிக்சர்-யூஆர்ஐ-டார்க்’. நீங்கள் மாற்றியது முதலாவதை. திரை காட்டுவது இரண்டாவதை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: கண்காட்சி அரங்கில் கணினி உறங்கிவிடாமல் இருக்க, செட்டிங்ஸைத் திறந்து, மவுஸை நகர்த்தி, குறிப்பிட்ட இடத்தில் சொடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எக்ஸ்டூடூல் கொண்டு பல ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். உபுண்டுவைப் புதுப்பித்த பிறகு அது அசைய மறுக்கிறது. மீட்க முடியுமா?
— ஒளிப்படக் கலைஞர், புதுச்சேரி

பதில்: மீட்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. எக்ஸ்டூடூல், 1987இல் உருவான எக்ஸ்11 என்ற திரை முறைக்காக எழுதப்பட்டது. அம்முறையில் எந்த நிரலும் வேறொரு நிரலின் சாளரத்தில் விசையழுத்தத்தையும் சொடுக்கையும் செலுத்தலாம். நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் பக்கத்து நிரல் ஒட்டுக்கேட்கவும் இயலும். உபுண்டு 21.04 முதல் இயல்பாக வரும் வேலாண்ட் என்ற புதிய திரை முறை, அந்தக் கதவை அடைத்துவிட்டது. உங்கள் ஸ்கிரிப்ட் நின்றுபோனது அதன் விளைவுதான். சில காலம்வரை உள்நுழையும் திரையில் எக்ஸ்11 முறையில் இயங்கும் பழைய எக்ஸார்க் அமர்வைத் தேர்ந்துகொள்ள முடிந்தது, உபுண்டு 25.10இல் அந்த வழியும் நீக்கப்பட்டுவிட்டது.

கதவு திறந்திருந்த காலத்திலும் அது நல்ல வழியாக இருக்கவில்லை. திரையின் அளவு மாறினால், செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு வரி கூடினால், ஸ்கிரிப்ட் வேறெதையோ அழுத்திவிடும். அழுத்தியது எது என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மவுஸ் போகும் வழியைப் பின்பற்றுவதைவிட, அந்த மவுஸ் இறுதியில் மாற்றும் மதிப்பைப் பிடிப்பதே சரி. முதல் பதிலில் சொன்ன ‘டிகான்ஃப் வாட்ச்’ இங்கேயும் உதவும்.

உங்கள் தேவைக்கோ அதைவிடவும் நல்ல வழி இருக்கிறது. ‘க்னோம்-செஷன்-இன்ஹிபிட்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, படங்களைக் காட்டும் நிரலின் கட்டளையைக் கொடுங்கள். அந்த நிரல் ஓடும் வரை கணினி ஓய்வுநிலைக்குப் போகாது; நிரல் முடிந்தவுடன் தடையும் தானே விலகும். அமைப்பு எதையும் மாற்றாததால் பழைய நிலைக்குத் திருப்புவது என்ற வேலையே இல்லை. அமைப்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற இடங்களில், ஸ்கிரிப்ட் முதலில் பழைய மதிப்பைப் படித்துவைத்துக்கொண்டு, ‘ட்ராப்’ கட்டளையின் மூலம், வெளியேறும்போது அதைத் திரும்ப எழுதும்படி செய்யுங்கள். நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலும் பழைய மதிப்பு திரும்பிவிடும்.

கேள்வி: எனக்கு வயது 71. காலையில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, மாலையானால் மங்குகிறது. ஒரே விசையில் எழுத்து பெரிதாகவும், மீண்டும் அழுத்தினால் பழையபடி ஆகவும் வழி செய்ய முடியுமா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், தஞ்சாவூர்

பதில்: முடியும், ஐயா. நான்கைந்து வரி ஸ்கிரிப்ட் போதும். அது முதலில் எழுத்தளவைப் படிக்கும்; 1.5 என்று இருந்தால் 1.0 ஆக்கும், வேறு எதுவாக இருந்தாலும் 1.5 ஆக்கும். அந்த ஸ்கிரிப்டை இல்லக் கோப்புறையில் வைத்து, இயக்க அனுமதி கொடுத்துவிட்டு, செட்டிங்ஸில் விசைப்பலகைப் பக்கத்தில் தனிப்பயன் குறுக்குவிசை ஒன்றைச் சேர்த்து, கட்டளைப் பெட்டியில் ஸ்கிரிப்டின் முழு முகவரியையும் எழுதுங்கள். எஃப்9 போல, விரலால் தடவி அறியக்கூடிய விசையாகத் தேர்ந்துகொண்டால் மங்கிய மாலையிலும் எளிது.

1.5 என்ற எண்ணை நான் தற்செயலாகச் சொல்லவில்லை. 1.1 என்றோ 1.4 என்றோ வைத்தால், கணினி அதை இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறையில்) துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. திரும்பப் படிக்கும்போது 1.1 என்பது 1.1000000000000001 என்று வரும். ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒப்பிட்டு ‘ஒன்றல்ல’ என்று முடிவு செய்துவிடும். எழுத்து பெரிதானது பெரிதாகவே நின்றுவிடும். 1.25, 1.5, 1.75 ஆகியவை இருமத்தில் முழுமையாக அடங்குவதால் அந்தச் சிக்கல் வராது. தமிழ் எழுத்துகளில் நி, றி போன்றவற்றின் கொக்கிகள் 1.25இல் தெளிவாகத் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். போதவில்லை என்றால் 1.5க்குப் போகலாம்.

ஸ்கிரிப்டை அமைத்துத்தர ஆள் கிடைக்கும் வரை, சூப்பர், ஆல்ட், 8 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் க்னோமின் உருப்பெருக்கி வரும். மீண்டும் அழுத்தினால் மறையும்.

கேள்வி: விண்டோஸிலும் இவ்வாறு செய்ய இயலுமா? இணையத்தில் கிடைக்கும் ‘விண்டோஸை வேகமாக்கும்’ ஸ்கிரிப்டுகளை நம்பலாமா?
— கணக்காளர், ஈரோடு

பதில்: இயலும். விண்டோஸில் அமைப்புகளின் இருப்பிடம் ரெஜிஸ்ட்ரி; அதை மாற்றும் மொழி பவர்ஷெல். விண்டோஸ் 10இலும் 11இலும் நிரல்களின் கருமை நிறத்தைத் தீர்மானிப்பது ‘ஆப்ஸ்-யூஸ்-லைட்-தீம்’ என்ற மதிப்பு. ரெஜிஸ்ட்ரியில் அதை இடையே கோடில்லாமல் ஒரே சொல்லாக எழுதியிருப்பார்கள். நடப்புப் பயனரின் கிளையில், தீம்ஸ் என்பதற்குள் பெர்சனலைஸ் என்பதன் கீழ் இருக்கிறது. 0 என்றால் கருமை, 1 என்றால் வெளிர். குறித்த நேரத்தில் மாற்ற டாஸ்க் ஷெட்யூலர் உண்டு. புதிய கணினியில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் கோப்புகள் ஓடாதபடியே தடை வைக்கப்பட்டிருக்கும். அதை நீக்க ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று வைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், ‘ரிமோட்சைன்டு’ போதும். நீங்களே எழுதியவை ஓடும். இணையத்திலிருந்து இறக்கியவற்றுக்கு நம்பகமான கையொப்பம் கேட்கப்படும்.

வேகமாக்கும் ஸ்கிரிப்டுகளைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ளாத எதையும் நிர்வாக அனுமதியோடு ஓட்டாதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்துவதையே வேகம் என்று காட்டும் வரிகள் அவற்றுள் ஒளிந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். கணக்கு வேலை செய்யும் கணினியில் அந்த ஆபத்து உங்களோடு நிற்காது. வாடிக்கையாளர்களின் விவரங்களையும் அது தொடும். லினக்ஸில் ஒரே வரியில் இறக்கி ரூட் அனுமதியோடு ஓட்டச் சொல்லும் கட்டளைகளுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: புதிய மடிக்கணினிக்கு மாறுகிறேன். பழைய உபுண்டுவின் அமைப்புகள் அனைத்தையும் ஒரேயடியாக எடுத்துச் செல்ல முடியுமா?
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

பதில்: ‘டிகான்ஃப் டம்ப் /’ என்று தட்டி, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால் நீங்கள் மாற்றிய க்னோம் அமைப்புகள் அனைத்தும் படிக்கக்கூடிய உரையாக வந்துவிடும், ‘டிகான்ஃப் லோட் /’ அதைப் புதிய கணினியில் ஏற்றும். ஆனால் முழுவதையும் ஏற்றாதீர்கள். பழைய பதிப்புக்கு மட்டும் உரியவை, பழைய திரையின் அளவுக்கேற்ப வைத்தவை, என்றோ நீக்கிவிட்ட நிரல்களின் எச்சங்கள் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். கோப்பைத் திறந்து படித்து, தேவையான பகுதிகளை மட்டும் விட்டுவைத்து ஏற்றுங்கள். லிப்ரெஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை தங்கள் அமைப்புகளைத் தனிக் கோப்புகளில் வைத்திருப்பதால் அவற்றைத் தனியாக நகலெடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளராகிய உங்களுக்கு லிப்ரெஆஃபிஸின் சொல்திருத்த அகராதிகளும் முக்கியமாக இருக்கும்.

டிகான்ஃபில் எதையேனும் அழிக்கும் முன் இந்த டம்ப் கோப்பை எடுத்துவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிளையை மட்டும் பழைய நிலைக்குத் திருப்ப நினைத்து, ‘டிகான்ஃப் ரீசெட் -எஃப் /’ என்று தட்டியதோடு முகவரியை முடிக்காமல் என்டரை அழுத்திவிட்டேன். கேள்வி ஏதும் கேட்காமல் அது அத்தனை அமைப்புகளையும் ஒரு விநாடியில் துடைத்துவிட்டது. அன்று என்னிடம் டம்ப் கோப்பு இல்லை.

கேள்வி: ஸ்கிரிப்டுக்குள் விளக்கக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாமா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக எழுதலாம், எழுத வேண்டும் என்றும் விரும்புகிறேன். பாஷில் ‘#’ என்ற எண் குறியில் தொடங்கும் வரியைக் கணினி படிப்பதே இல்லை. கோப்பை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும். மாறிகளின் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்திலேயே இருக்க வேண்டும். குறிப்பில், கட்டளை என்ன செய்கிறது என்பதைவிட ஏன் அந்த மதிப்பை வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள்: ‘வகுப்பறைப் புரொஜெக்டர் மங்கல், கடைசி வரிசைக்குத் தெரியவில்லை, ஆகவே 1.25’ என்பது போல. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 மட்டும், தொடக்கக் குறி இல்லாத யூடிஎஃப்-8 கோப்பில் உள்ள தமிழைச் சிதைத்துப் படிக்கும்; அங்கே சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பவர்ஷெல் 7இல் அது தேவையில்லை.